பெயரை மட்டும் கொண்டு ஜெனரிக் வகையைக் கண்டெடுப்பது எப்படி?

மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் தளத்துக்கான சி ஷார்ப் நிரலில் ‘லிஸ்ட்<இன்ட்>’ என்று எழுதினால், அது எந்த வகையைக் குறிக்கிறது என்பதை நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே முடிவு செய்துவிடுகிறது. ஆனால் அமைப்புக் கோப்பைப் படித்து அதற்கேற்ப ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கும் மென்பொருளில், வகையின் பெயர் வெறும் ஸ்ட்ரிங்காக, அதுவும் நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் கிடைக்கிறது. அந்த ஸ்ட்ரிங்கிலிருந்து உண்மையான வகையைத் தேடியெடுக்க, ஓடும் நிரல் தன் வகைகளைத் தானே ஆராயும் வசதியான ரிஃப்ளெக்‌ஷன் உதவுகிறது. சாதாரண வகைகளுக்கு எளிதாக முடியும் இந்தத் தேடல், லிஸ்ட் போல உள்ளே வேறொரு வகையை நிரப்பிப் பயன்படுத்தும் ஜெனரிக் வகைகளிடம் தடுமாறக் காரணம், நாம் எழுதும் பெயரும் நிரலை ஓட்டும் ரன்டைம் வைத்திருக்கும் பெயரும் வேறு வேறாக இருப்பதுதான்.

2005-இல் வெளியான டாட்நெட் 2.0 பதிப்பில் ஜெனரிக்குகள் அறிமுகமாயின. கோண அடைப்புக்குறி சி ஷார்ப் மொழியின் எழுத்துமுறை மட்டுமே. பல மொழிகளுக்குப் பொதுவான ரன்டைமுக்கு அதனுடன் தொடர்பில்லை. அது ‘சிஸ்டம்.கலெக்‌ஷன்ஸ்.ஜெனரிக்.லிஸ்ட்`1’ என்ற பெயரையே பதிந்து வைத்திருக்கிறது. பேக்டிக் குறியை அடுத்து வரும் எண், அந்த வகைக்கு எத்தனை வகை-அளபுருக்கள் (உள்ளே நிரப்ப வேண்டிய வகைகள்) தேவை என்பதைச் சொல்கிறது. டிக்‌ஷனரிக்கு அது 2. அளபுருக்களுக்கு உரிய வகைகளும் சேர்ந்தால் பெயர் ‘லிஸ்ட்`1[[சிஸ்டம்.இன்ட்32]]’ என நீள்கிறது. இரட்டைச் சதுர அடைப்புக்குறி வீண் அலங்காரமன்று: உள்ளே இருக்கும் வகையின் பெயரோடு அதன் அசெம்பிளி (வகைகள் தொகுக்கப்பட்ட கோப்பு), பதிப்பு முதலியவையும் காற்புள்ளிகளுடன் வரக்கூடும் என்பதால், எந்தக் காற்புள்ளி இரண்டு வகைகளைப் பிரிக்கிறது, எது ஒரே பெயருக்குள் வருகிறது என்பதை அந்த உள் அடைப்புக்குறிதான் காட்டுகிறது.

பெயரைச் சரியாக எழுதினாலும் தேடுமிடம் தவறினால் பயனில்லை. அசெம்பிளி குறிப்பிடப்படாத பெயரை ‘டைப்.கெட்டைப்’ மெத்தட், தன்னை அழைத்த அசெம்பிளியிலும் அடிப்படை நூலகத்திலும் மட்டுமே தேடும். ஆகவே லிஸ்ட்`1 கிடைக்கும். அதே நேம்ஸ்பேஸில் (பெயர்த் தொகுதியில்) இருந்தும் வேறொரு அசெம்பிளியில் வாழும் சார்ட்டட்செட்`1 கிடைக்காது. பிழைச் செய்தி ஏதுமின்றி, எதுவுமில்லை என்று பொருள்படும் ‘நல்’ மட்டும் திரும்பி வரும். இந்த மௌனம்தான் நிரலர்களின் நேரத்தை அதிகம் தின்கிறது என்பது என் எண்ணம். தோல்வியை எக்ஸெப்ஷனாக, அதாவது வெளிப்படையான பிழையாக, எழுப்பச் சொல்லும் இரண்டாவது ஆர்கியுமென்ட்டைச் சேர்த்து அழைப்பது நல்லது.

முழுப் பெயரையும் ஸ்ட்ரிங்காகக் கோப்பதைவிட, இரண்டு படிகளில் செய்வது தெளிவானது. முதலில் லிஸ்ட்`1 என்ற, அளபுரு இன்னும் நிரப்பப்படாத திறந்த வகையைக் கண்டெடுக்க வேண்டும். அதிலிருந்து நேரடியாக ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாது. பிறகு ‘மேக்ஜெனரிக்டைப்’ மெத்தடுக்கு இன்ட்32 வகையைக் கொடுத்தால் அளபுரு நிரப்பப்பட்ட மூடிய வகை கிடைக்கும். கம்பைலர் செய்யும் கட்டுப்பாட்டுச் சோதனையை இங்கே ரன்டைம் செய்கிறது: இன்ட்32 போன்ற வேல்யூ வகைகளை மட்டுமே ஏற்கும் நல்லபிள்`1-க்கு ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் ஆர்கியுமென்ட்எக்ஸெப்ஷன் எழும். உருவாகும் ஆப்ஜெக்ட்டின் உள்வகை கம்பைலருக்குத் தெரியாது என்பதால், அதை ஜெனரிக் அல்லாத ‘ஐலிஸ்ட்’ போன்ற இன்டர்ஃபேஸ் வழியாகத்தான் கையாள நேரிடும்.

ஜாவாவில் இந்தக் கேள்வியே வேறு. 2004-இல் வந்த ஜாவா 5 பதிப்பு, கம்பைல் செய்யும்போதே வகை அளபுருக்களை அழித்துவிடும் முறையைத் தேர்ந்தது. ஓடும் நேரத்தில் ஸ்ட்ரிங் பட்டியலுக்கும் இன்டிஜர் பட்டியலுக்கும் ஒரே கிளாஸ்தான். கிளாஸ், ஃபீல்டு, மெத்தட் அறிவிப்புகளில் மட்டும் அளபுருக்களின் தடயம் மிஞ்சும்.

டாட்நெட் அளபுருக்களைத் தக்கவைப்பதற்கும் ஒரு விலை உண்டு. முகவரி வழியே சுட்டப்படும் எல்லா ரெஃபரன்ஸ் வகைகளுக்கும் ஒரே இயந்திர நிரலைப் பகிர்ந்துகொள்ளலாம். மதிப்பை நேரடியாக வைத்திருக்கும் இன்ட்32 போன்ற வேல்யூ வகைகளுக்கோ அளவும் அமைப்பும் மாறுவதால் தனித்தனி நிரல் வேண்டும். வழக்கமான ரன்டைம் அதைத் தேவைப்படும் நொடியில் உருவாக்கிவிடும். முன்கூட்டியே முழுவதையும் கம்பைல் செய்யும் நேட்டிவ் ஏஓடி முறையில் அந்த வாய்ப்பு இல்லை: கம்பைலர் எங்கும் காணாத ஒரு வேல்யூ வகையை மேக்ஜெனரிக்டைப்புக்குக் கொடுத்தால், பெயர் முற்றிலும் சரியாக இருந்தும் அதற்கான நிரல் இல்லாமல் அழைப்பு தோற்றுப்போகலாம்.