இரண்டாவது அட்டையைக் கொடுத்தது யார்?

சாயங்காலம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பல்லடம், சோமனூர், பள்ளிபாளையம் பக்கத்து மருந்துக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ஏனுங்க, மேலெல்லாம் ஒரே கொடச்சலா இருக்குதுங்க. ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு குடுங்க." கடைக்காரர் நாலைந்து அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மாத்திரையைக் கத்தரித்து, காகிதக் கவரில் போட்டு நீட்டுவார். சீட்டும் கிடையாது, பில்லும் கிடையாது. மூன்று நிமிட வேலை.

அந்தக் கவரைப் பிரித்துப் பார்த்தால், வீக்கத்துக்கு ஒரு டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் இருக்கும். வயிறு எரியாமலிருக்க ஒன்று இருக்கும். குட்டியாக ஒரு ஸ்டீராய்டு, பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன். சில கவர்களில் இவற்றோடு இன்னொரு மாத்திரையும் இருக்கும். கத்தரித்த இடத்தில் பெயர் பாதி வெட்டுப்பட்டு, காலாவதித் தேதி இன்னொரு துண்டோடு கடையிலேயே தங்கியிருக்கும். வாங்கியவருக்கு அது "அந்த வெள்ளை மாத்திரை". அது ட்ராமடாலாக இருந்தால், அபினின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அது அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை.

நம் பக்கத்தில் புழங்கும் இவ்வகை மருந்துகளில் முக்கியமானவை மூன்று: ட்ராமடால், டாபென்டடால், இருமல் சிரப்பில் வரும் கோடீன். அட்டையின் பின்பக்கம் இடது மேல் மூலையில் சிவப்பில் Rx என்ற மருந்துச் சீட்டுக் குறியும், சிவப்புக் கோடு போட்ட பெட்டிக்குள் எச்சரிக்கையும் இருந்தால், அது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 அட்டவணை மருந்து. ட்ராமடாலும் கோடீனும் அந்தப் பட்டியலில் உள்ளவை. இவற்றை விற்கும் கடை, சீட்டு எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, கொடுத்த எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் ட்ராமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது.

சட்டம் இவ்வளவு இறுக்கமாக இருந்தும் கவருக்குள் எப்படி வருகிறது என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் கவரை ஏன் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். விசைத்தறியில் ஒரு ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம். சிமெண்ட் தரையில் நின்றபடி ஒரே ஆள் ஆறு, எட்டுத் தறியைப் பார்க்கிறார். அறுந்த இழையைப் பிடிக்கக் குனிவதும் நிமிர்வதும் நாளுக்கு எத்தனை முறை என்று கணக்கில்லை. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வெட்டும் பெண்களுக்கு இடுப்பு, ஆனைமலைப் பக்கம் தென்னை ஏறுபவர்களுக்குத் தோள், சங்ககிரி, நாமக்கல் லாரி ஓட்டுநர்களுக்கு முதுகு. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடக்கே போகிறவர்கள் மாதக்கணக்கில் குழாய் தூக்குகிறார்கள். பீஸ் ரேட்டிலும் தினக்கூலியிலும் வேலை பார்க்கிறவருக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. "ரெண்டு நாள் படுத்துருங்க" என்று மருத்துவர் சொல்லும்போது, வீட்டில் அரிசிப்பானை காலியாவதுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். மாத்திரை வலியை மட்டும் தணிப்பதில்லை. ட்ராமடால் மனநிலையைத் தூக்கும் வேதிப்பொருள்களையும் மூளையில் கூட்டுவதால் உடம்பு இலேசாகும், சலிப்புத் தெரியாது, இன்னொரு ஷிஃப்டும் ஓட்டலாம் என்று தோன்றும். பழக்கத்தின் வேர் இங்கேதான் இறங்குகிறது. இன்பம் தேடிப் போனவர்கள் என்று இவர்களைச் சொல்வது அநியாயம்.

அடுத்து நடப்பதைக் கணக்காகவே பார்க்கலாம். பரவலாகப் புழங்கும் கூட்டு மாத்திரை ஒன்றில் ட்ராமடால் 37.5 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் இருக்கும். ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது. முதலில் இரண்டு மாத்திரை வேலை செய்யும். தினமும் போட்டால் சில வாரங்களில் மூளை அந்த அளவுக்குப் பழகிவிடும், இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். பதினைந்துக்குப் போய்விட்டவருக்கு ட்ராமடால் 562 மில்லிகிராமைத் தாண்டுகிறது. நாளைக்கு 400 தான் உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் வலிப்பு வரும் ஆபத்து ஏறுகிறது. தறி ஓடும்போது வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாராசிட்டமாலோ 4,875 மில்லிகிராம். அதன் வரம்பு நாலு கிராம். சாயங்காலமானால் டாஸ்மாக் பக்கம் போகும் பழக்கமும் இருந்தால் கல்லீரல் இரண்டு பக்கமும் அடி வாங்கும். மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் இதையும் சேர்த்தால், நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று வேறொரு ஆபத்து வருகிறது. இவற்றில் எதையுமே அந்தக் காகிதக் கவர் சொல்லாது.

இதில் எங்கள் அழுத்தமான கருத்து ஒன்று. பழக்கத்தை உண்டாக்குவது பெரும்பாலும் முதல் அட்டை அல்ல, இரண்டாவது அட்டை. எலும்பு முறிந்தவருக்கோ அறுவை முடிந்தவருக்கோ மூன்று நாள் ட்ராமடால் கொடுப்பது நல்ல மருத்துவம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை மருந்தை முதல் முறையாக ஒரு நாளாவது பெற்றவர்களில் ஓராண்டு கழித்தும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் 6 சதவீதம். எட்டு நாளோ அதற்கு மேலோ பெற்றவர்களில் 13.5 சதவீதம். முப்பத்தோரு நாளோ அதற்கு மேலோ பெற்றவர்களில் 29.9 சதவீதம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு அந்தக் கோடு செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது. ஆக, யார் கெட்டவர் என்பதைவிட, ஆறாம் நாள் மருந்தை யார் கொடுத்தார், எதைப் பார்த்துக் கொடுத்தார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மாத்திரையை நிறுத்தும்போதுதான் குழப்பம் முற்றுகிறது. கடைசி மாத்திரைக்குப் பிறகு எட்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணில் நீர், மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப்போக்கு, கால் இழுப்பு, தூக்கமின்மை. இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். ட்ராமடாலில் இதோடு காரணமில்லாத பயமும் கை கால் கூச்சமும் சேரும். பழைய இடுப்பு வலியும் இரட்டிப்பாகத் திரும்பும். உடனே அவர் எடுக்கும் முடிவு: "நோய் முத்திப்போச்சு, மாத்திரை இல்லாம முடியாது." மழைக்கு ரிக் வேலை நின்று ஊருக்கு வந்தவர் இப்படிக் கிடந்தால், வீட்டில் விஷக்காய்ச்சல் என்று நினைப்பார்கள், பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றிவிட்டு வருவார்கள். மூன்றாம் நாள் யாரோ கூட்டாளி இரண்டு மாத்திரை கொடுத்ததும் அரைமணியில் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பார். அந்த அரைமணிதான் அடையாளம். காய்ச்சல் அப்படி விடாது.

பழியைப் பற்றிப் பேசும்போது அமெரிக்காவைச் சொல்லாமல் முடியாது. அங்கே 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை வலி மாத்திரை சந்தைக்கு வந்தது. தயாரித்த பர்டூ பார்மா, பழக்கம் உண்டாகும் ஆபத்தைக் குறைத்துச் சொல்லி விற்றதற்காக 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது, 2020-இல் வேறு குற்றங்களுக்காக மறுபடியும். அப்பலாச்சிய மலைப்பகுதியில், நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகு உடைந்த தொழிலாளிகளின் ஊர்களில்தான் இந்த வகை மாத்திரைகள் கொட்டின. மேற்கு வர்ஜீனியாவில் நானூறு பேர் வாழும் கெர்மிட் என்ற ஊரின் ஒரு மருந்துக்கடைக்கு இரண்டே ஆண்டில் அதே வகையைச் சேர்ந்த ஹைட்ரோகோடோன் மாத்திரைகள் சுமார் 90 லட்சம் போயின. உடம்பை உழைப்புக்குக் கொடுத்த ஊர்கள் என்பதில் அந்த மலையும் நம் தறிக்காடும் ஒன்று. ஆனால் அங்கே கிடைத்த பதிலை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. அங்கே சீட்டு எழுதித் தள்ளியதால் வந்த வினை. இங்கே சீட்டே கேட்காததால் வருகிறது.

இங்கே பழியைப் பங்கு போட்டால், முதல் பங்கு மருத்துவருக்கு. "வலி இருந்தால் போடவும்" என்று எண்ணிக்கை இல்லாமல் எழுதிய சீட்டு, வருடம் முழுக்கச் செல்லுபடியாகும் காசோலை மாதிரி. "ஐந்து நாள், பத்து (10) மாத்திரை மட்டும், மறுபடி கொடுக்க வேண்டாம்" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இரண்டாம் பங்கு கடைக்கு. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65-ஆவது விதிப்படி, மருத்துவர் வெளிப்படையாக எழுதியிருந்தாலன்றி, இந்த மருந்துகளுக்கான ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து கொடுக்க வேண்டும். கொடுத்த கடையின் பெயரும் தேதியும் சீட்டிலேயே பதிய வேண்டும். அந்த ஒரு முத்திரை விழுந்தாலே அதே சீட்டு நாலு கடை ஏறாது. மருந்தாளுநர் சான்றிதழ் சுவரில் தொங்க, அவர் வேறெங்கோ இருக்க, கல்லாவில் இருப்பவர் மருந்து எடுத்துக் கொடுக்கும் கடைகளில் இந்த விதி யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. மூன்றாம் பங்கு முதலாளிமாருக்கு. சில பனியன் கம்பெனிகளில் மாதவிலக்கு வலிக்குக் கூடப் பெயரில்லாத மாத்திரையைக் கையில் வைத்து அனுப்புகிறார்கள். அது சாதாரண வலி மாத்திரையாகவே இருக்கட்டும். பெயர் கேட்காமல் விழுங்கப் பழக்கிவிடுகிறதே. நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் உட்கார ஒரு முக்காலி, இதற்கு ஆகும் செலவு பெரிதாக இருக்காது. விழுங்கியவருக்கும் ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது கடைசிப் பங்கு. ஊரோ அதை முதலில் வைத்து, அத்தோடு கணக்கை முடித்துவிடுகிறது.

இளைஞர்கள் கதை வேறு. ட்ராமடால் இறுக்கப்பட்ட பிறகு அந்த இடத்துக்கு டாபென்டடால் வந்தது. அதைத் தூளாக்கித் தண்ணீரிலோ சலைனிலோ கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். "வலி நிவாரணி மாத்திரை விற்றவர் கைது" என்று ஈரோடு, திருப்பூர், கோவைச் செய்திகளில் அடிக்கடி வருவது இதுதான். மாத்திரை வாய்க்காகச் செய்தது. அதிலுள்ள டால்க், மாவுப்பொருள், செல்லுலோஸ் ரத்தத்தில் கரையாது. ஏற்றிய இடம் கட்டியாகிச் சீழ் பிடிக்கும், நரம்பு கயிறாக இறுகும், துகள் நுரையீரலில் போய் அடைக்கும், கிருமி இதய வால்வில் உட்காரும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை, முழங்கை மடிப்பில் வரிசையாகப் புள்ளித் தழும்பு, வெளிச்சத்திலும் ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணி என்று பார்த்தால், அடிக்காமல், திட்டாமல், முதலில் மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள். தானே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைப்பட்டவருக்கு, சிறிய அளவு வைத்திருந்த, பயன்படுத்திய குற்றங்களில் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. "போலீஸ் கேஸ் ஆயிரும்" என்று பயந்து மறைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலிருக்கும் புற்றுநோயாளியின் மார்ஃபின் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் இந்தியாவில் எத்தனையோ பேர் வலியோடு செத்தார்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்தித்தான் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. அவர்களுக்கு அது உரிமை.

பழகிவிட்டவர் சடக்கென்று நிறுத்த வேண்டாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாக இறக்க வேண்டும். சில மாதங்களாக எடுப்பவருக்கு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது தாங்கக்கூடிய வேகம்: நாளைக்குப் பத்து மாத்திரை என்றால் இந்த வாரம் ஒன்பது, அடுத்த வாரம் எட்டு. ஓராண்டைத் தாண்டியவருக்கு மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு. அட்டை வீட்டில் வேறொருவர் கையில் இருக்கட்டும். அன்றன்றைக்கு எண்ணிக் கொடுக்கட்டும். ஊசிக்குப் போனவர்களுக்கும் மிக அதிக அளவில் எடுப்பவர்களுக்கும் நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் என்ற மாற்று மாத்திரை உண்டு. கோவை, பெருந்துறை, திருப்பூர், கரூர், நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14446 போதை மீட்பு உதவி எண். 14416 மனநல உதவி எண். மூல வலிக்கு வழி செய்யாமல் மாத்திரையை மட்டும் பிடுங்கினால் மாதம் திரும்புவதற்குள் கவர் மறுபடி வரும். ஆகவே உடற்பயிற்சி சிகிச்சையும் கூடவே வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மிக ஆபத்தான காலம் எது தெரியுமா? சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகு வரும் முதல் சில வாரங்கள். உடம்பு பழைய தாங்குசக்தியை இழந்திருக்கும். மனம் தளர்ந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். எழுப்பினால் எழாத தூக்கம், நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவான மூச்சு, கொரகொரவென்ற குறட்டை, நீலம் பாய்ந்த உதடு: இதில் எதைப் பார்த்தாலும் 108. ஆளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ மோரோ ஊற்றாதீர்கள். தலையில் தண்ணீர் ஊற்றி நடக்க வைக்கவும் பார்க்காதீர்கள். மூச்சு நின்றுவிட்டால் மல்லாக்கப் படுக்க வைத்து, 108-இல் பேசுபவர் சொல்லச் சொல்ல மார்பை அழுத்துங்கள். காலி அட்டை கிடந்தால், பெயர் பாதி வெட்டுப்பட்டிருந்தாலும், அதையும் கையோடு எடுத்துப் போங்கள். இந்த மருந்துகளை முறிக்கும் நலாக்ஸோன் ஊசியைச் சீக்கிரம் போட அது உதவும்.