எல்.இ.டி. மாற்றியும் தெருவிளக்கு பில் குறையவில்லையா? பெட்டியைத் திறந்து பாருங்கள்

எல்.இ.டி. போட்டு வருடமாகியும் பில் குறையவில்லை என்று இன்னொரு நகராட்சிக் கோப்பு வந்திருக்கிறது. வாட் சான்றிதழ், வாரண்டி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. விளக்குகள் எத்தனை மணி நேரம் எரிகின்றன என்பதற்கு மட்டும் ஒரு தாள்கூட இல்லை. மின்தணிக்கையில் நாங்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

ஒரு பில்லர் பாக்ஸில், அதாவது ஒரு வரிசைத் தெருவிளக்குகளை மொத்தமாகப் போட்டு அணைக்கும் பெட்டியில், 40 விளக்குகள் என்று வையுங்கள். பழைய 40 வாட் டியூப்லைட் சோக்கோடு சேர்த்து சுமார் 55 வாட் இழுக்கும். இரவு 11 மணி நேரத்துக்கு 24 யூனிட். 20 வாட் எல்.இ.டி.க்கு 8.8 யூனிட் போதும். ஆனால் பகலிலும் அணையாவிட்டால் அதே எல்.இ.டி. 19.2 யூனிட் தின்னும். 15 யூனிட் மிச்சம் வரவேண்டிய இடத்தில் 5தான் வரும். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற கணக்கில், ஒரே பெட்டி வருடத்துக்கு இரண்டரை டன்னுக்கு மேல் வீணாக வெளியிடுகிறது.

"ஸ்மார்ட் பேனல் மாட்டியிருக்கிறோமே, அதுவே பார்த்துக்கொள்ளாதா?" பார்த்துக்கொள்ளாது. அந்தப் பேனல் கான்டாக்டருக்கு, அதாவது விளக்குகளுக்குப் போகும் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் மின்சுவிட்சுக்கு, உத்தரவு அனுப்பும், மீட்டரைப் படிக்கும். அவ்வளவுதான். பல திரைகளில் 'ஆஃப்' என்று தெரிவது அனுப்பிய உத்தரவு. விளக்கு அணைந்ததற்குச் சாட்சி அல்ல. கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் திரையில் ஆஃப், தெருவில் வெளிச்சம். ஸ்விட்ச் போட்ட நொடியில் ஒவ்வொரு எல்.இ.டி. டிரைவரும் (விளக்குக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் கருவி) வழக்கத்தைப் போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும், நாற்பதும் ஒன்றாக. மொத்தம் 800 வாட்தானே என்று சின்ன கான்டாக்டர் வாங்கினால் இதுதான் நடக்கும். ஒரு கான்டாக்டருக்கு எத்தனை டிரைவர் என்று தயாரிப்பாளரே அட்டவணை தருகிறார். தயவுசெய்து அதைப் பார்த்து வாங்குங்கள். உத்தரவை விடுங்கள், கரண்டைப் பாருங்கள்.

அடுத்தது பைபாஸ் சுவிட்ச், அதாவது பேனலைத் தாண்டி விளக்கைக் கையால் நேரடியாகப் போடும் சுவிட்ச். ரிப்பேருக்கு வரும் லைன்மேன் 'மேனுவலில்' போட்டுவிட்டுத் திருப்பி வைக்க மறந்தால், எந்த மென்பொருளாலும் அணைக்க முடியாது. 24 மணி நேரத்துக்கு மேல் மேனுவலில் கிடந்தால் எச்சரிக்கை வரும்படி அமையுங்கள். டைமரின் பேட்டரி செத்தால் கரண்ட் போய் வந்ததும் நேரம் குழம்பும். பேனலில் உள்ள சிம்முக்கு ரீசார்ஜ் விட்டுப்போனால் தகவலே வராது.

மாலை 6, காலை 6 என்று நிலையாக வைக்காதீர்கள். சென்னையிலேயே சூரியன் மறையும் நேரம் நவம்பருக்கும் ஜூலைக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசப்படும். சூரிய நேரத்தைக் கணக்கிடும் டைமர் வாங்கி, உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுங்கள். தொழிற்சாலையில் டெல்லிக்கு வைத்து அனுப்பியது அப்படியே இருந்தால், ஜூன் மாதத்தில் முக்கால் மணி நேரம் தெரு இருட்டாகக் கிடக்கும். மக்கள் புகார் செய்வார்கள், யாரோ மேனுவலில் போடுவார்கள்.

மிச்சப்படுத்துகிறோம் என்று கம்பம் விட்டுக் கம்பம் அணைக்கவே கூடாது. வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வந்தால் சாலையைக் கடப்பவர் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியமாட்டார். நள்ளிரவுக்கு மேல் எல்லா விளக்கையும் சேர்த்து மங்கலாக்குங்கள். அதற்கு டிம்மிங் வசதியுள்ள டிரைவர் வேண்டும் என்பதை டெண்டரிலேயே எழுதுங்கள். டிரைவரையே மாற்றாமல் பிறகு சேர்க்க முடியாது.

டெண்டர்தான் பாதி வேலை. மாட்டிய விளக்குக்குப் பணம் என்றால், மாட்டியதோடு ஒப்பந்தக்காரர் வேலை முடிந்தது. மீட்டரில் குறைந்த யூனிட்டுக்குப் பணம், இரவில் எரியாததற்கும் பகலில் எரிந்ததற்கும் பிடித்தம் என்று போடுங்கள். பழைய விளக்கைக் கழற்றும் முன் பெட்டிவாரியாக மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள். ஏற்கெனவே ஃபியூஸ் போன விளக்குகளையும் எரிந்ததாகக் கணக்கில் சேர்த்தால், இல்லாத மிச்சத்துக்கு நகராட்சி பணம் கொடுக்கும்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: பகல் 12 மணிக்கு எல்லாப் பெட்டிகளின் கரண்ட் அளவையும் எடுங்கள். அரை ஆம்பியருக்கு மேல் காட்டும் பெட்டிக்கு மாலைக்குள் ஆள் அனுப்புங்கள்.