தண்ணீர் ஊற்றாத கழிப்பறைக்கும் 12,000 ரூபாய் உண்டு

தூய்மை பாரத இயக்கத்தில் கிராமத்து வீடுகளுக்குக் கழிப்பறை கட்ட 12,000 ரூபாய் தருவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் குழி வெட்டினால்தான் பணம் வரும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை, மலத்தின் மேல் தண்ணீருக்குப் பதில் சாம்பல் தூவும் எக்கோசான் கழிப்பறையையும் இந்தத் திட்டம் ஏற்கிறது.

கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் ஆற்றங்கரை, கடலோர ஊர்களுக்கு இதுதான் சரி, ஏனென்றால் அங்கே குழி வெட்டினால் கழிவு போய்ச் சேருவது பக்கத்துக் கிணற்றில்தான். காவிரிக் கரை முசிறியில் ஸ்கோப் தொண்டு நிறுவனம் இதைப் பல வீடுகளில் கொண்டுவந்தது. அதன் நிறுவனர் மராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது.

தரைக்கு மேலே இரண்டு அறை கட்டுவார்கள். மலம் நேரே கீழே அறைக்குள் விழும், சிறுநீர் முன்பக்கக் குழாயில் தனியாகப் போகும். கால் கழுவ மட்டும் கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டும், அந்தத் தண்ணீரைக் கல்வாழைப் பாத்திக்கு விட்டுவிடலாம். (விருந்தாளி வந்தால் இதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள், அறைக்குள் தண்ணீர் போனால் நாற்றம்தான்.) ஒரு அறை நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்த வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு, மூடியதை ஓராண்டுக்கு மேல் விட்டுவைத்துத் திறக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்புறம் அது எருதான்.

"இது பழைய எடுப்புக் கக்கூஸ்தானே, தடை செய்தாச்சே" என்று யாராவது கிளப்புவார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது முழுதாக மக்காத மலத்தை மனிதர் கையால் அள்ள வைக்கும் கழிப்பறையை. இங்கே மக்கிய பிறகுதான் அறையையே திறக்கிறோம்.

பணம் யாருக்கு? வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு உண்டு. அதற்கு மேலே இருந்தாலும் பட்டியல் சாதி, பழங்குடியினர், சிறு குறு விவசாயிகள், வீட்டுமனை மட்டும் உள்ள நிலமற்ற கூலிகள், மாற்றுத்திறனாளிகள், பெண்ணைத் தலைவியாகக் கொண்ட குடும்பங்களுக்கும் உண்டு. முன்பே வாங்கியிருந்தால் கிடையாது. இது ஊக்கத்தொகைதான், மேடை, படி, இரண்டு அறை என்று செலவு கூடினால் மீதி உங்கள் கைக்காசு. ஆதார், வங்கிப் புத்தகத்தோடு ஊராட்சியிலோ ஒன்றிய அலுவலகத்திலோ கேளுங்கள், எந்த வகை கட்டப்போகிறீர்கள் என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.