பிற்கால ரோமானியக் காசா? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையில் வைகையிலும் சட்டைப் பொத்தான் அளவில் பச்சை பிடித்த காசுகள் கிடைப்பதுண்டு. அவற்றில் சில கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டு ரோமானியக் காசுகள். பழங்காசுகளை அடையாளம் காட்டும் வேலையில் இருப்பதால் என்னிடமும் கொண்டுவருகிறார்கள். பலர் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கிய பிறகுதான் வருகிறார்கள். மனசு பதறும். இவ்வளவு அரித்துப்போன காசில் எழுத்தும் உருவமும் அந்தப் பச்சைப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். படலம் போனால் எல்லாம் போச்சு.

எல்லோரும் முதலில் அரசனின் பெயரைத் தேடுகிறார்கள். இந்தக் காசுகளில் அது பெரும்பாலும் கைகொடுக்காது. காசு சிறியது, ஓரம் தேய்ந்திருக்கும். கடைசி எழுத்துகள் மட்டும் தெரிந்தாலும் பயனில்லை. ஆர்காடியஸ், ஹொனோரியஸ், தியோடோசியஸ் மூன்று பெயர்களும் ஒரே மாதிரிதான் முடியும்.

அதனால் காசைத் திருப்புங்கள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் பச்சையாகத் தெரிந்த இடத்தில் உருவத்தின் விளிம்பு நிழலாக எழும்.

இரண்டு வீரர்கள் எதிரெதிரே நிற்கிறார்களா? நடுவே எத்தனை படைக்கொடிகள் என்று எண்ணுங்கள். இரண்டு என்றால் 330 முதல் 335 வரை அடித்தது. ஒன்று என்றால் அதற்குப் பிந்தியது, 341 வரை. எடையைக் குறைத்தபோது காசும் சிறிதானது, கொடியும் ஒன்றானது. குதிரையோடு சாய்ந்தவனை ஒரு வீரன் ஈட்டியால் குத்தினால் அது 348-க்குப் பிறகு வந்த காசு. சிறகு முளைத்த வெற்றித் தேவதை தோளில் வெற்றிச் சின்னத்தைச் சாய்த்துக்கொண்டு, ஒரு கைதியை இழுத்துப் போகிறாளா? 388-இலிருந்து அடித்த வகை. பெயரே தெரியாவிட்டாலும் இவ்வளவு சொல்லிவிடலாம்.

உருவத்துக்குக் கீழே ஒரு கோடும் அதற்கடியில் சில எழுத்துகளும் இருக்கும். அது காசை அடித்த அக்கசாலையின், அதாவது நாணயச்சாலையின், குறி. ANT என்றால் அந்தியோகியா நகரம், ALE என்றால் அலெக்சாந்திரியா. இந்த எழுத்துகள் தெரிந்துவிட்டால் எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்தான்.

எழுத்து அர்த்தமில்லாத கோடுகளாக, உருவம் கோணலாக இருந்தால் 'போலி' என்று தூக்கிப் போடாதீர்கள். ரோமானியக் காசைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்த காசுகள் இலங்கையில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அவையும் பழங்காசுகளே. சில்லறைத் தேவைக்காக அடித்தவை என்றே நான் நினைக்கிறேன்.

வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம். அது மண்ணின் உப்பு உலோகத்தைத் தின்னும் நோய். ஈரம் படாமல் தனி டப்பாவில் வைத்து, அருங்காட்சியகத்தின் பராமரிப்புப் பிரிவில் காட்டுங்கள்.

மற்றபடி தண்ணீர்கூட வேண்டாம். காய்ந்த மண்ணை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். இருபக்கமும் படம் எடுங்கள், எடையும் விட்டமும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், எந்த ஆறு, எந்தத் துறை, எவ்வளவு ஆழம், கூட என்ன கிடைத்தது என்பதை அன்றே எழுதிவையுங்கள். அதைக் காசைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.