மகள் ஃபுட்டி ஆட ஆசைப்படுகிறாளா? முதலில் விழக் கற்றுக்கொள்ளட்டும்

"பொண்ணு ஃபுட்டி கிளப்ல சேரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. விடலாமா?" மெல்பர்னில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் என்னிடம் நம் பெற்றோர்கள் அடிக்கடி கேட்பது இது. தாராளமாக விடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் மோதலுக்கு அவளைத் தயார் செய்த பிறகு.

தெரியாதவர்களுக்கு: ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் பந்தோடு ஓடுபவரைக் கட்டிப் பிடித்துத் தரையில் தள்ளலாம், தோளால் இடிக்கலாம். உடம்பில் கவசம் எதுவும் கிடையாது. பெண்களுக்கான தேசிய லீக் ஏஎஃப்எல்டபிள்யூ 2017 பிப்ரவரியில் 8 அணிகளோடு தொடங்கியது. கார்ல்டனும் காலிங்வுட்டும் மோதிய முதல் ஆட்டத்துக்கு 24,000 பேருக்கு மேல் வந்துவிட, வாசலை மூடிப் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. 2019 இறுதிப் போட்டிக்கு அடிலெய்ட் ஓவலில் 53,034 பேர் கூடினார்கள். 2022-க்குள் 18 அணிகள் ஆகிவிட்டன.

அந்த 2019 இறுதிப் போட்டியின் நடுவே அடிலெய்டின் எரின் ஃபிலிப்ஸுக்கு ஏசிஎல் கிழிந்தது. ஸ்ட்ரெச்சரில் அவரை வெளியே கொண்டுபோனபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முழங்காலின் நடுவே எலும்புகளைப் பிணைக்கும் தசைநாரான இந்த ஏசிஎல், ஆண்களைவிடப் பெண்கள் லீக்கில் பல மடங்கு அதிகமாகக் கிழிகிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டால் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம், ஒரு வருடம்கூட ஆகும்.

இதைச் சொன்னதுமே "பெண் உடம்புக்கு இது ஆகாது" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உடற்கூறில் வித்தியாசம் இருப்பது உண்மைதான். ஆனால் இங்கே பையன்கள் ஐந்து, ஆறு வயதிலேயே பந்தோடு விழுந்து புரள்கிறார்கள். பெண்களுக்கோ வெகுகாலம் பன்னிரண்டு வயதோடு கதவு மூடிவிடும். அதை எதிர்த்து விக்டோரியாவில் மூன்று சிறுமிகள் வழக்கே போட்டார்கள். 2004-ல் தீர்ப்பு வந்தது, அதன் பிறகுதான் அங்கே சிறுமிகளுக்கென்று தனிப் போட்டிகள் வளர்ந்தன. அந்த மூவரில் ஒருவரான பென்னி குலா-ரீட், 2017-ல் காலிங்வுட்டுக்கு ஆடினார். இன்றும் என்னிடம் வரும் பெண்கள் பலர் நெட்பாலிலிருந்தோ கூடைப்பந்திலிருந்தோ பதினைந்து வயதுக்கு மேல் மாறியவர்கள். வேகம் இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது. எப்படி விழுவது என்று மட்டும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

முழங்காலைவிட எனக்குக் கவலை தருவது தலை. ஒரு பள்ளி மாணவி தோள்வலி என்று வந்தாள். என் விரலைக் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொன்னேன். இடமும் வலமுமாக நாலைந்து தடவை போவதற்குள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, குமட்டுகிறது என்றாள். சனிக்கிழமை ஆட்டத்தில் பின்னந்தலை தரையில் மோதியிருக்கிறது. அடுத்த வாரம் ஃபைனல் என்பதால் யாரிடமும் மூச்சு விடவில்லை. ராத்திரி வெளிச்சம் கூசுகிறது என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். பரீட்சைக் களைப்பு என்று அம்மா நினைத்துக்கொண்டார். டாக்டரிடம் அனுப்பினேன், ஃபைனல் ஆடவில்லை. அவள் அழுதது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இப்படி அடிபட்டு மூளை அதிர்வதைத்தான் கன்கஷன் என்கிறோம். அதற்கு மயங்கி விழ வேண்டும் என்றில்லை. பெரும்பாலானவர்கள் நினைவு தப்புவதே இல்லை. ஸ்கேனிலும் பொதுவாக ஒன்றும் தெரியாது. தலைவலி, எரிச்சல், கவனச் சிதறல், தூக்கக் கோளாறு என்று மறுநாள்கூடத் தலைகாட்டலாம். வாந்தி நிற்கவில்லை, தூங்கித் தூங்கி விழுகிறாள், தலைவலி ஏறிக்கொண்டே போகிறது, கை கால் மரத்துப் போகிறது என்றால் காத்திருக்காமல் அவசர எண் 000-ஐ அழையுங்கள். மற்றபடி சமூக மட்ட ஆட்டங்களில், மோதலுள்ள போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் ஆக வேண்டும் என்பது இப்போதைய விதி. மோதல் பயிற்சியைத் தொடங்கும் முன் 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். டாக்டரிடம் கெஞ்சி இதைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

ஹெதர் ஆண்டர்சனை இங்கே பலருக்கு நினைவிருக்கும். பார்வை மங்கிய தன் அம்மா கூட்டத்தில் அடையாளம் காண வேண்டும் என்று பளிச்சென்ற இளஞ்சிவப்புத் தலைக்கவசம் போட்டு ஆடியவர். 2017-ல் கோப்பை வென்ற அடிலெய்ட் அணியில் இருந்தார். 2022 நவம்பரில், 28 வயதில் இறந்துபோனார். தானமாகக் கொடுக்கப்பட்ட அவரது மூளையில் சிடிஈ என்ற நோய் இருந்ததாக 2023-ல் அறிவித்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகளோடு தொடர்புடைய நோய் இது. தொழில்முறை வீராங்கனை ஒருவரிடம் இது உறுதியானது உலகிலேயே அதுதான் முதல் முறை. அப்புறம் ஒன்று: கடைகளில் விற்கும் மெத்தென்ற தலைக்கவசம் கன்கஷனைத் தடுக்காது. காயம், சிராய்ப்புக்கு உதவும், அவ்வளவுதான்.

கிளப்பில் பேர் கொடுக்கும் முன் ஒரு நாள் சாயங்காலம் பயிற்சியைப் போய்ப் பாருங்கள். புதிதாக வந்த பிள்ளைகளை முதலில் முட்டி போட்டு டாக்கிள் (எதிராளியைக் கட்டிப் பிடித்துத் தள்ளுவது) பழக விடுகிறார்களா, பிறகு நடந்து, அதற்கப்புறம்தான் ஓடியா? விழும்போது தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, கையை ஊன்றாமல் உருளச் சொல்லித் தருகிறார்களா? குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடங்கினால் பயிற்சியாளர் நிறுத்தித் திருத்துகிறாரா? லா ட்ரோப் பல்கலைக்கழகமும் இந்த ஆட்டத்தை நடத்தும் ஏஎஃப்எல்லும் சேர்ந்து பெண்களுக்காகவே உருவாக்கிய 'பிரெப் டு ப்ளே' பயிற்சித் திட்டத்தில் இத்தனையும் இருக்கின்றன. அந்தப் பேரையே பயிற்சியாளர் கேள்விப்பட்டதில்லை என்றால் நீங்களே எடுத்துக் காட்டுங்கள். சீசன் தொடங்கும் முன்பே காட்டிவிட்டால் பழக நேரம் கிடைக்கும்.