எரிந்த வாயுவா, எரிவாயுவா?

காரின் இ.ஜி.ஆர் (எக்ஸாஸ்ட் கேஸ் ரீசர்க்குலேஷன்) வால்வைச் சோதிப்பது எப்படி என்று விளக்கும் ஒரு வீடியோவில் "எரிவாயு மறுசுழற்சி அமைப்பு" என்று எழுத்து ஓடியது. இந்தப் பெயரை நான் பார்ப்பது இது மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ. சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் பொருள். எஞ்சினில் எரிந்து முடிந்து சைலன்சர் வழியாகப் போக வேண்டிய புகையில் ஒரு பங்கை இந்த வால்வு திருப்பி, எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கும் இன்டேக் பக்கம் அனுப்புகிறது. அதில் எரிபொருள் என்று சொல்லும்படி ஒன்றும் மிச்சமில்லை, பெரும்பாலும் நைட்ரஜன், கரியமில வாயு, நீராவிதான். அது உள்ளே போய் இடத்தை அடைத்துக்கொள்வதால் சிலிண்டருக்குள் வெப்பம் தணிகிறது, நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாவதும் குறைகிறது. சொல்லின் வேர் என்று பார்த்தால், எக்ஸாஸ்ட் என்பது நீரை இறைத்து வெளியேற்றுவதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது, சர்க்குலேஷனின் வேர் வட்டம். போதும்.

இப்போது எரிவாயுவுக்கு வருவோம். கேட்டால் ஒரு பதில் தயாராக வரும்: அது வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும், ஆகவே எரிந்த வாயு என்றும் கொள்ளலாம். இலக்கணப்படி சரிதான். ஆனால் குடிநீரும் வினைத்தொகைதான், அதைக் குடித்த நீர் என்று யாராவது எடுத்துக்கொள்கிறார்களா? எரிவாயு என்றால் இனிமேல்தான் எரியப்போவது என்று பழக்கம் என்றைக்கோ முடிவு செய்துவிட்டது, அதை ஒரு வீடியோவுக்காக மாற்ற முடியாது. இது வெறும் சொல் சண்டையும் இல்லை. இந்த அமைப்பில் பழுது என்று காரின் கணினி காட்டும் பி0401 என்ற குறியீட்டுக்கு இந்த எரிவாயுக்காரர்கள் எழுதுவது "எரிவாயு ஓட்டம் போதவில்லை". இதைப் படிப்பவர் பெட்ரோல் பம்பையும் ஃபில்டரையும்தானே நோண்டுவார்? உண்மையில் பார்க்க வேண்டியது புகை திரும்பி வரும் பாதையை. எஞ்சினை ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டு, காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் வழியாக அந்த வால்வைத் திறக்கச் சொன்னால் எஞ்சின் உதற வேண்டும், சில சமயம் நின்றே போகும். ஒரு சலனமும் இல்லை என்றால் வால்வு திறக்கவில்லை, இல்லாவிட்டால் பாதையில் கரி அடைத்திருக்கிறது. வால்வை மட்டும் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு அடைத்த பாதையை விட்டுவிட்டால் அதே குறியீடு திரும்ப வரும். நேர்மாறாக, வால்வு மூடாமல் கரியில் சிக்கிக்கொண்டால் ஐடிலில் உதறும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஓரளவு சரியாகிவிடும்.

மறுசுழற்சியும் எனக்குப் பிடிக்கவில்லை. காகிதமும் பிளாஸ்டிக்கும் அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. கழிவைச் சுத்தம் செய்து பயனுள்ளதாக மாற்றுகிறார்கள் என்ற எண்ணத்தைத்தான் அது தருகிறது, அதனால்தான் இந்த வால்வு எரியாத பெட்ரோலை மீட்டு மிச்சப்படுத்துகிறது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே எதையும் மீட்கவில்லை, எதுவும் சுழலவும் இல்லை. வெளியே போவதில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விடுகிறோம். ஆகவே என் சொல்: கழிவுவளி மீள்செலுத்தம். நீளம்தான், ஆனால் யாரையும் தவறான பக்கம் அனுப்பாது. பேச்சில் 'புகை திருப்பி' என்றாலும் எனக்குச் சம்மதம்.

அப்புறம் இன்னொன்று. ஸ்கேனரை "நோயறிதல் கருவி" என்று எழுதுகிறார்கள். காருக்குக் காய்ச்சலா வந்திருக்கிறது? பழுதறி கருவி என்று எழுத என்ன தடை? அகராதியில் முதலில் கிடைத்ததை அள்ளிப் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு, அந்த வரியை நம்பி ஒருவர் பானட்டைத் திறப்பார் என்ற நினைப்பே இல்லை.

வால்வுக்கு ஓரதர் என்றொரு சொல் உண்டு. அதர் என்றால் வழி. அழகான சொல்தான், ஒரு பக்கமாக மட்டும் விடும் வால்வுகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். இதுவோ எவ்வளவு திறப்பது என்று கணினி சொல்லச் சொல்ல ஏறி இறங்குவது. அதை வால்வு என்றே விட்டுவிடுகிறேன்.