பூலியன் என்பதும் இன்ட்தானா?

பைத்தான் மொழியில் எழுதிய நிரல் ஒன்றில், 'வந்த மதிப்பு இன்ட் (முழு எண்) அல்லது பூலியன் (உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகள்) வகையா' என்று ஒரு சோதனை இருக்கிறது. அதிலிருந்து 'பூலியன்' என்பதை அழித்துவிட்டால் எதுவும் மாறாது. பைத்தானில் பூலியன் என்பது இன்ட்டின் துணைவகை. ட்ரூ (உண்மை), ஃபால்ஸ் (பொய்) இரண்டுமே இன்ட் சோதனையில் தேறிவிடும். சரி, இன்னோர் இடத்தில் 'இன்ட்தான், ஆனால் பூலியன் இல்லை' என்று எழுதியிருக்கிறது. அதே காரணத்தால் இங்கே 'பூலியன் இல்லை' என்ற பகுதியை நீக்கக்கூடாது. நீக்கினால், வயதைக் கேட்ட இடத்தில் ட்ரூ வந்து 1 ஆக உட்கார்ந்துகொள்ளும்.

திறமூல மென்பொருளுக்கு 'வீணான வகைச் சோதனையை நீக்கினேன்' என்று வரும் பேட்ச் (நிரலில் செய்யும் சிறு மாற்றம்), பார்க்க எளிமையாகத்தான் இருக்கும். இரண்டு வரி போகிறது, டெஸ்டுகள் பாஸ் ஆகின்றன. ஆனால் தப்பான மதிப்பை அனுப்பிப் பார்க்கும் டெஸ்டே இல்லாததாலும் பாஸ் ஆகியிருக்கலாம். சோதனையின் பதில் முன்பே முடிவாகிவிட்டது என்று காட்டினால்தான் அது வீண்.

நிரலை ஓட்டாமலே வகைகளை ஆராயும் கருவிகள் அதைக் காட்டும் முறை அழகானது. ஒரு மாறியில் எண், சரம், வெற்று மதிப்பு மூன்றில் எதுவும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 'வெற்றா? அப்படியானால் திரும்பிப் போ' என்ற வரியைத் தாண்டியதும் பட்டியலில் எண்ணும் சரமும்தான் மிச்சம். அதற்குக் கீழே யாராவது மறுபடி 'வெற்றா?' என்று கேட்டால் பதில் 'இல்லை' மட்டுமே. டைப்ஸ்கிரிப்ட் மொழி, 2016இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து இப்படித்தான் வரிவரியாகப் பட்டியலைச் சுருக்கிக்கொண்டே போகிறது.

இதில் ஓர் ஓட்டையும் உண்டு. இரு சோதனைகளுக்கும் நடுவே அழைக்கப்படும் ஃபங்ஷன், அந்தப் பொருளின் உள்ளிருக்கும் மதிப்பை மாற்றிவிடலாம். ஒவ்வோர் அழைப்புக்கும் பட்டியலை மீண்டும் விரித்தால் நிரல் எழுதுபவர் நொந்துபோவார் என்று டைப்ஸ்கிரிப்ட் தெரிந்தே இதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆனால் 'கருவியே வீண் என்றது' என்பதை மட்டும் நம்பி பேட்ச்சை ஏற்க முடியாது.

அப்புறம், எங்கே எந்த வகை மதிப்பு வரும் என்று நிரலிலேயே எழுதிவைக்கும் வகைக்குறிப்புகள். 2015இல் பைத்தான் 3.5உடன் வந்த இவற்றை, நிரல் ஓடும்போது பைத்தான் சரிபார்ப்பதில்லை. 'இங்கே இன்ட் வரும்' என்று எழுதிய இடத்துக்குச் சரம் தாராளமாக வரலாம். ஆகவே உள்ளுக்குள் மட்டும் புழங்கும் ஃபங்ஷனில் சோதனையை எடுக்கலாம். வெளியார் அழைக்கும் ஃபங்ஷனில் குறிப்பைக் காட்டி எடுப்பது அவசரம்.

வரிசை தவறினாலும் ஆபத்து. 2009இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 'டன்' என்ற நெட்வொர்க் டிரைவரில், ஒரு சுட்டியின் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியின்) வழியே உள்ளிருக்கும் மதிப்பை எடுத்த பிறகே அது எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியா என்று கேட்டிருந்தார்கள். வெற்றுச் சுட்டியின் வழியே படித்தால் என்ன நடக்கும் என்பதை சி மொழி வரையறுக்கவில்லை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர் யோசித்தது இப்படி: ஏற்கெனவே படித்தாகிவிட்டது, எனவே இது வெற்றாக இருக்க முடியாது, எனவே அடுத்த சோதனை வீண். விதிப்படி பிழையில்லாத வாதம். சோதனை நீங்கியது, சாதாரணப் பயனர் கெர்னலின் அதிகாரத்தையே கைப்பற்ற வழி திறந்தது. திருத்தத்தில் சோதனையை முன்னால் நகர்த்தினார்கள். அதோடு, வெற்றுச் சுட்டிச் சோதனைகளை இப்படி நீக்காதே என்று ஜிசிசியிடம் சொல்லியே கெர்னலைக் கம்பைல் செய்யத் தொடங்கினார்கள்.